ராட்சசனுக்கு அனுப்பிய வெயில்

ஈரோட்டில் பங்குனி பிறந்துவிட்டால் கம்பளிக் கடைகளில் கால் வைக்க இடம் இருக்காது. வெளியே தார்ச்சாலை இளகிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள்ளோ எல்லோரும் சட்டைக்கு மேல் சட்டை போட்டு, காதை மூடிக்கொண்டு, ஆவி பறக்கச் சுக்குக் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். காலக்குளிரி வந்த நாற்பது வருடத்தில் ஊர் வழக்கம் இப்படித் தலைகீழாகிவிட்டது. நட்டநடு வெயில் காலத்தில் பல் கிட்டித்துப் போகிற வீடுதான் வசதியான வீடு.

காலக்குளிரி என்பது சுவரில் மாட்டும் ஒரு வெள்ளைப் பெட்டி. பழைய ஏசி, அறையின் சூட்டை உறிஞ்சித் தெருவில் கொட்டியது. இது எதிர்காலத்தில் கொட்டியது. பெட்டிக்குள்ளே கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு முடிச்சு இருக்கும். அதன் ஒரு முனை இன்று, மறுமுனை நாம் குறித்துக் கொடுக்கும் ஆண்டு. இன்று உறிஞ்சிய சூடு அந்த ஆண்டில், இதே தேதியில், இதே நேரத்தில், இதே இடத்தில் வெளியே வரும். முப்பதாயிரம் வருடத்துக்கு அப்பால் பூமி பனிக்கட்டிக்குள் கிடக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தப் பாவப்பட்ட மக்கள் குளிர்காய நம்முடைய வெயிலை அனுப்பிவைக்கிறோம் என்றால் புண்ணியத்துக்குப் புண்ணியம், குளிர்ச்சிக்குக் குளிர்ச்சி. யாருக்குத்தான் கசக்கும்?

தண்பொழில் நிறுவனம் இதைத் தமிழ்நாட்டில் விற்க வந்தபோது, இயந்திரமும் தமிழ் பேசவேண்டும் என்று சட்டம் சொன்னது. பேசவைத்தார்கள். ஆண்டைக் குறிக்கும் திரையில் பிரபவ, விபவ என்று அறுபது தமிழ் வருடங்களும் ஒரு சக்கரமாகச் சுழன்றன. கூடவே ஒரு விளம்பரம். கோரைப்பல் ராட்சசன் ஒருவன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கையேந்துவான். ‘வெயிலை ராட்சசனுக்கு அனுப்புங்கள்’ என்று கீழே எழுதியிருக்கும். ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. நல்ல பெயருள்ள வருடத்தில் கொண்டுபோய் வெயிலைக் கொட்டுவானேன்? வீட்டுக்கு வீடு, அறுபதில் ஒன்றான ராட்சச வருடத்தையே குறித்தார்கள். பிறகு பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்தே அப்படிக் குறிக்கப்பட்டு வந்தன.

செங்கோடன் தண்பொழிலின் சர்வீஸ்காரன். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைப்பதோடு சரி என்கிற ஞானம், இவைதான் அவன் மூலதனம். போகிற வீட்டில் எல்லாம், முதலில் வந்தவன் ஒன்றும் தெரியாதவன் என்று சொல்வார்கள். அடுத்த முறை இவனை அப்படிச் சொல்வார்கள். அவன் வாசலில் கால் வைத்ததும் கெட்டுக் கிடந்த பெட்டி சமர்த்தாக ஓடும். வீட்டுக்காரர் அசடு வழிய நிற்பார். வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் கைப்பேசிக்கு வரும் முடிப்பு எண்ணை அவர் வாயால் சொன்னால்தான் அந்தப் புகார் தீர்ந்ததாகக் கணக்கு. அதற்காக அவன் குடித்த மோர் காவிரியில் பாதி இருக்கும்.

அன்றைக்குப் புகார் சூரம்பட்டியிலிருந்து வந்திருந்தது. மஞ்சள் மண்டி நடத்தும் மிருதுளா என்பவர் வீடு. ‘சுவிட்ச் போடவில்லை, சூடாகக் காற்று வருகிறது’ என்று எழுதியிருந்தது. சுவிட்ச் போடாத பெட்டியிலிருந்து காற்று வராது. இந்த மாதிரிப் புகார்கள் வழக்கமாக மோரோடு முடிந்துவிடும்.

“வாங்க தம்பி. நீங்க வந்ததும் அது சரியாப் போயிருக்கும் பாருங்க” என்றார் மிருதுளா. அறுபதைத் தாண்டியவர். விரல் நுனிகளில் மஞ்சள் ஏறியிருந்தது.

“அது எப்பவுமே அப்படித்தானுங்கம்மா. பொட்டி எங்க இருக்குதுங்க?”

அவர் மாடி அறையைத் திறந்தார். “ஆறு கோடைதான் ஓடுன பொட்டிங்க. எங்க வீட்டுக்காரரு தவறினதுல இருந்து பூட்டியே கெடந்த ரூமுங்க. வாடகைக்கு விடலாம்னு போன வாரம் தொறந்தேன். பொட்டியோட ஒயரையே புடுங்கி வெச்சாச்சு. ஆனாலும் பாருங்க, மத்தியானம் ஆனாப் போதும், அந்தச் சேருல கை வெச்சா சூடா இருக்குது. யாரோ உக்காந்துட்டு இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி.”

செங்கோடன் சிரித்துக்கொண்டேதான் நாற்காலியில் கை வைத்தான். மரம் சூடாக இருந்தது. அடுப்புச் சூடு இல்லை, வெயில் சூடும் இல்லை. மனிதச் சூடு.

பையிலிருந்து வெம்மைக்கண்ணாடியை எடுத்து மாட்டினான். பெட்டியில் எந்த மூலையில் சூடு கசிகிறது என்று பார்ப்பதற்கான கண்ணாடி அது; வெப்பத்தைச் செம்மஞ்சளாகக் காட்டும். சுவரைப் பார்ப்பதற்கு முன் நாற்காலி கண்ணில் பட்டது.

நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

முகம் இல்லை. மூக்கு, கண் எதுவும் இல்லை. ஆனால் முதுகு இருந்தது, மடி இருந்தது, இடது பக்கமாகச் சாய்ந்த தோள் இருந்தது. பத்திரிகை பிடித்த மாதிரி இரண்டு கைகள் உயர்ந்திருந்தன. கதவிலிருந்து நாற்காலிவரை காற்றில் ஒரு மெல்லிய தடம், தினமும் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையைப் போல ஒளிர்ந்தது. செங்கோடன் கண்ணாடியைக் கழற்றினான். வெறும் நாற்காலி. மாட்டினான். அவர் இருந்தார்.

பயமாக இல்லை. அதுதான் அவனுக்கே ஆச்சரியம். கோயிலில் திரை விலகும்போது நிற்பதைப்போல நின்றான்.

“என்னங்க தம்பி, பேச்சையே காணோம்?”

அவன் கண்ணாடியைக் கழற்றி அவரிடம் கொடுத்தான். மிருதுளா மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, யாரையோ கடிந்துகொள்ளும் குரலில் சொன்னார்: “எடது பக்கம் சாஞ்சுதான் உக்காருவாரு. முதுகு வலிக்குது முதுகு வலிக்குதும்பாரு. நேரா உக்காருங்க, நேரா உக்காருங்கன்னு நானும் தெனமும் சொல்லுவேன். இன்னும் நேரா உக்காரல பாருங்க.”

கண்ணாடியைக் கழற்றாமலே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதார்.

செங்கோடனுக்கு மெல்லப் புரிந்தது. பெட்டி உறிஞ்சும் சூட்டில் வெயில் மட்டும் இல்லை. அறையில் இருப்பவர்களின் உடம்புச் சூடும் உண்டு. ஆறு கோடைகளின் மதியங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இங்கே வந்து விழுகின்றன. வந்து போனவர்கள், குறுக்கே ஓடியவர்கள் எல்லாம் கலைந்து போய்விட்டார்கள். தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்தவர் மட்டும் படிந்து நிற்கிறார். ஒரு மனிதன் பழக்கமாகச் செய்தது மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

அப்போது இன்னொன்றும் நடந்தது. சுவர் ஓரமாக, பெட்டிக்குக் கீழே, திடீரென்று ஒரு உருவம் தோன்றியதாக மிருதுளா சொன்னார். “தம்பி, இதாரு? ஸ்டூல் மேல ஒருத்தன் கையத் தூக்கிட்டு நிக்கறான். இவன் மூக்கு முழியெல்லாம் அச்சு அசலாத் தெரியுது.”

செங்கோடன் வாங்கிப் பார்த்தான். “எங்காளுதானுங்கம்மா. சர்வீஸ்காரரு. மூடியக் கழட்டிட்டா உள்ள சல்லடை இல்லீங்க. அந்நேரம் முன்னால நிக்கறவன் சூடு கலையாம நேரா உள்ள போயிரும்.”

“கட்டுன புருசன் மூஞ்சி தெரியல. பொட்டி பாக்க வந்தவன் மீசை தெரியுது” என்று மிருதுளா அழுகையினூடே சிரித்துவிட்டார்.

செங்கோடன் ஸ்டூல் கேட்டு வாங்கி, ஏறி, மூடியைத் திறந்து திரையைப் பார்த்தான். குறித்த ஆண்டு ‘ஆனந்த’ என்று இருந்தது.

“ஊரே ராட்சசனுக்கு அனுப்புச்சுங்க. இவரு மட்டும் கேக்கல” என்றார் மிருதுளா. “நாம நல்லா இருந்த சூடு இது, நல்ல பேரு இருக்கற வருசத்துக்கே போகட்டும்னாரு. அப்படி ஒரு வீம்பு.”

இப்போது நடப்பது ஆனந்த வருடம். அதன் கடைசி மாதம்தான் இந்தப் பங்குனி. ஆனால் இந்தச் சூடு இந்த ஆனந்த வருடத்துக்கு வரவேண்டியதில்லையே? முப்பதாயிரம் வருடம் தள்ளி வருகிற ஆனந்தத்துக்கு அல்லவா போகவேண்டும்? செங்கோடன் திரையை உற்றுப் பார்த்தான். வருடப் பெயருக்குக் கீழே, எறும்பு எழுத்தில், ‘சுற்று’ என்று ஒரு கட்டம் இருந்தது. அது காலியாக இருந்தது.

அறுபது வருடமும் முடிந்தால் மறுபடி பிரபவ என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். எத்தனையாவது சுற்று என்று சொல்லாவிட்டால் ஆனந்த என்பது எந்த ஆனந்தம் என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கட்டத்தில் ஐந்நூறு என்று போட்டிருக்கவேண்டும். ‘பேரைத் திருப்பு, பச்சையை அமுக்கு’ என்பதுதான் நிறுவனம் சொல்லிக்கொடுத்த பாடம். காலியாக விட்டால் இயந்திரம் என்ன செய்யும்? தபால்காரர் செய்வதைத்தான் செய்யும். முழு முகவரி இல்லையென்றால், அந்தப் பெயரில் பக்கத்தில் இருக்கும் ஆளிடம் கொடுத்துவிட்டுப் போகும்.

ஆனந்த வருடத்துக்கு அடுத்தது ராட்சச வருடம். சித்திரை முதல் தேதி பிறக்கிறது.

அவன் ஸ்டூலிலிருந்து இறங்கவே பயந்தான். மிருதுளா வீட்டில் ஆறு கோடைதான். அதனால் நாற்காலி இளஞ்சூட்டோடு நின்றது. மற்ற வீடுகளில் நாற்பது கோடை. நாற்பது வருடத்துச் சித்திரை, நாற்பது வருடத்துக் கத்திரி, எல்லாம் ஒரே அறையில், ஒரே கோடையில் வந்து இறங்கும். குளிருக்காகச் சன்னலையெல்லாம் அடைத்துக் கட்டிய வீடுகள். உள்ளே தொட்டிலும் கட்டிலும் இருக்கிற அறைகள்.

மண்டல மேலாளர் ரோஷனைக் கைப்பேசியில் பிடித்தான். அவர் முதலில், “முடிப்பு எண் வாங்கிட்டியாப்பா?” என்றுதான் கேட்டார். செங்கோடன் விஷயத்தைச் சொன்னான். பிறகு ரோஷன் தன் வீட்டுக்குப் போன் போட்டு, பெட்டியின் கீழ்க்கட்டத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்த குரல் வேறு குரலாக இருந்தது.

“காலிதான் செங்கோடா. என் பொண்ணு பெட்டிக்கு அடியிலதான் தொட்டில் கட்டியிருக்கா.”

மருந்து இருந்தது. முடிச்சில் எண்ணை மாற்றினால், அதன் வழியே இதுவரை போன சூடு அத்தனையும் புது ஆண்டுக்குத் திரும்பிவிடும். ஆனால் யாரும் தூரத்திலிருந்து கைவைத்து விடக்கூடாது என்று பெட்டிகளுக்கு வெளித்தொடர்பே வைக்கவில்லை. ஒரு ஆள் ஸ்டூல் போட்டு ஏறி, மூடியைக் கழற்றி, கையால் ஐந்நூறு என்று அழுத்தவேண்டும். வீடு வீடாக. தமிழ்நாடு முழுக்க.

சர்வீஸ்காரர்களுக்கு அப்படி ஒரு காலம் அதற்கு முன்பு வந்ததில்லை. ஓய்வுபெற்றவர்களைக் கூப்பிட்டார்கள், கோபித்துக்கொண்டு போனவர்களைத் தாங்கிக் கூட்டிவந்தார்கள். செங்கோடன் வீட்டுக்குத் தூங்க மட்டும் போனான். ஆரம்பத்தில் எல்லோரும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு சூரம்பட்டி நாற்காலியின் கதை ஊருக்குள் பரவிவிட்டது.

“வேண்டாமுங்க” என்றார் ஒருவர், கதவைப் பாதி மூடிக்கொண்டு. “எங்கம்மா இந்தக் கட்டல்லதான் பதினஞ்சு வருசம் படுத்துக் கெடந்தாங்க. ராட்சசத்துல வருவாங்க. நீங்க மாத்தீட்டா யாரோ பனிக்காட்டுக்காரன் பாப்பான், நான் பாக்க முடியாது.”

“அண்ணா, சூடு தாங்காதுங்க. உசுருக்கே ஆபத்துங்க.”

“எங்கம்மா சூடுங்க அது. எனக்குத் தாங்கும்.”

செங்கோடன் அடுத்த வீட்டுக்கு நடந்தான். சிலரைக் கெஞ்சினான், சிலரை மிரட்டினான், சில வீடுகளில் அவர்களோடு சேர்ந்து அழுதான். ஐந்தில் நாலு வீடு கேட்டது. மற்றவர்கள் வெம்மைக்கண்ணாடி வாங்கக் கடைவீதியில் வரிசையில் நின்றார்கள். கம்பளிக் கடைக்காரர்களே அதையும் விற்றார்கள்.

ஆனந்த வருடத்தின் கடைசி நாள் மாலை மிருதுளாவின் வீட்டுக்குப் போனான். விடிந்தால் அவருடைய நாற்காலி ஆறிவிடும். அவர் அந்த அறையில் புதிதாக ஒரு காலக்குளிரி மாட்டியிருந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தார்.

“இதுல ஆனந்தமே வெச்சுக் குடுங்க தம்பி. ஐந்நூறாவது சுத்து. மறக்காமப் போடுங்க” என்றார். “அவரு வர்றாருல்ல, அந்தச் சூட்டையும் இது இழுத்துக்கும், பக்கத்துல உக்காந்தா என் சூட்டையும் இழுத்துக்கும். ரெண்டு பேரும் சேந்தே போறோம். அங்க எவனாவது பாத்து, இவரு ஏன் கோணலா உக்காந்திருக்காருன்னு கேக்கட்டும்.”

அவன் எண்ணைப் போட்டுக் கொடுத்தான். அன்று அவர் முடிப்பு எண்ணைக் கேட்காமலே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அமுதினி கேட்டாள்: “ஊரெல்லாம் மாத்துனீங்களே, நம்ம வீட்டுப் பொட்டிய மாத்துனீங்களா?”

இல்லை. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்களே, அந்தக் கதைதான். கல்யாணத்துக்கு மாட்டிய பெட்டி. பதினாறு வருடத்தில் அதன் மூடியை அவன் ஒருமுறைகூடக் கழற்றியதில்லை. அவன் ஸ்டூலை எடுத்தான்.

“விடிஞ்சதும் மாத்திக்கலாங்க” என்றாள் அமுதினி. “பொழுது கெளம்பற நேரம் சூடு கம்மியாத்தானே இருக்கும்? கொஞ்ச நேரம் பாத்துட்டு மாத்திரலாம். எனக்கும் பாக்கோணும்னு இருக்குது.”

சித்திரை முதல் தேதி சூரியன் எழுந்ததும் சுவர்ப் பெட்டியிலிருந்து காற்று வந்தது. நடுக்கூடம் மெதுவாகச் சூடேறியது. இருவரும் ஆளுக்கொரு கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றார்கள். முதலில் வெறும் மூட்டம். பிறகு கூடத்தின் நடுவே பாய் போட்டுப் படிக்கும் மகனின் முதுகு தெரிந்தது. வருடத்துக்கு வருடம் வளர்ந்தவன் ஆகையால், ஒருவனுக்குள் ஒருவனாகப் பல பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சன்னலோரம் அமுதினி உட்கார்ந்திருந்தாள். பதினாறு வருடத்து அமுதினி, கெட்டியான செம்மஞ்சளில், கை முகவாயில், முகம் தெருப்பக்கம். செங்கோடனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு அழகான ஒன்றைத் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறோமே என்று வாய்விட்டே சொன்னான்.

பிறகு தன்னைத் தேடினான்.

கூடத்தில் இல்லை. கட்டிலில் இல்லை. சாப்பாட்டுத் தட்டு வைக்கும் இடத்தில் லேசாக ஒரு புகை. அதுவும் அவன்தானா என்று சொல்ல முடியாது. பெட்டிக்குக் கீழே பார்த்தான். அங்கேயும் யாரும் நிற்கவில்லை. சித்திரை முதல் தேதி தண்பொழில் வருடா வருடம் விடிந்ததிலிருந்தே ஊர் முழுக்க இலவச சர்வீஸ் செய்யும். எல்லா வருடமும் இந்த நாளில் அவன் யார் வீட்டிலாவது ஸ்டூல்மேல் நின்றிருக்கிறான்.

கைப்பேசி அடிக்க ஆரம்பித்தது. கதவைப் பாதி மூடிய அந்த மனிதர்தான்.

“ஏனுங்க, சீக்கிரம் வந்து மாத்திக் குடுங்க. கொதிக்குது, தெருவுல நிக்கறோம். அப்பறம்... எங்கம்மா சரியாவே தெரியலீங்க, வெறும் மூட்டமா இருக்குது. நீங்கதான் நிக்கறீங்க. கையத் தூக்கிட்டு, மச்சமெல்லாம் தெரியுது. எங்கம்மாவ மறைச்சுட்டு நிக்கறீங்க.”

அந்த அழைப்பு முடிவதற்குள் இன்னொன்று. அடுத்து இன்னொன்று. கூப்பிட்ட வீடு ஒவ்வொன்றிலும் செங்கோடன் இருந்தான், மீசையும் மச்சமுமாக, கை தூக்கி, யாருடைய அப்பாவையோ மறைத்துக்கொண்டு. இந்த வீட்டில்தான் இல்லை.

போகத்தான் வேண்டும், ஜனங்கள் தெருவில் நிற்கிறார்கள். ஸ்டூலில் ஏறினான். மூடியைக் கழற்றி, ஐந்நூறு என்று அழுத்திப் பெட்டியை ஓடவிட்டான். சன்னலோரத்து அமுதினியும் குனிந்து எழுதிய பிள்ளைகளும் மறைந்தார்கள். கூடம் குளிர ஆரம்பித்தது. அவன் மூடியை மாட்டாமல், கையைத் தூக்கியபடி அப்படியே நின்றான். முப்பதாயிரம் வருடத்துக்கு அப்பால் யாராவது பார்த்தால் பார்க்கட்டும், இந்த வீட்டிலும் ஒரு ஆள் இருந்தான் என்று தெரியட்டும் என்று நினைத்தான்.

அமுதினிக்குப் புரிந்துவிட்டது. அவன் பையை எடுத்து வாசலில் வைத்தாள்.

“எறங்குங்க. அப்படி நின்னா, பொட்டி ரிப்பேர் பாக்க எவனோ வந்திருக்கான்னுதான் நெனைப்பாங்க” என்றாள். “மூடிய மாட்டீட்டுப் போயிட்டு வாங்க. வந்து சன்னலோரமா எம்பக்கத்துல உக்காருங்க. ஒரு நாளைக்கு உக்காந்தாத் தெரியாதுங்க. தெனமும் உக்காரோணும்.”